முழங்கால் மடங்காவிட்டால் ஆட்டம் தலைக்குத்தான் போகும்

"அப்பாவுக்கு 78 ஆச்சுங்க. நடை ரொம்பத் தளந்து போச்சு. ஏறி நின்னா உடம்பு முச்சூடும் அதிர்ற மாதிரி ஒரு பிளேட் வருதில்லீங்க, அதை வாங்கிப் போட்டா ஆகுமுங்களா?" மகன் பெங்களூரிலோ திருப்பூரிலோ இருப்பார். அப்பாவும் அம்மாவும் காங்கேயத்துப் பக்கம் தோட்டத்துச் சாளையில் தனியாக இருப்பார்கள். பிசியோதெரபிக்கு வாரம் மூன்று நாள் டவுனுக்குக் கூட்டிப்போக ஆளில்லை. இந்த அதிர்வுத் தட்டு மிஷின் என்றால் வீட்டுக்கே வந்துவிடும். கேள்வியில் இருக்கும் அக்கறையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல இன்னும் எனக்கு வரவில்லை. ஆகாது என்று அடித்துச் சொன்னால் அது பொய். ஆகும் என்றால், "10 நிமிசம் சும்மா நின்னாப் போதும், ஒரு மணி நேரம் நடந்ததுக்குச் சமம்" என்கிற விளம்பரத்துக்கும் சேர்த்துத் தலையாட்டியதாகிவிடும். எழுந்து நிற்கவே கை ஊன்ற வேண்டிய ஒருவருக்கு, சும்மா நிற்பதுதான் அந்தத் தட்டின் மேல் செய்யக்கூடாத முதல் காரியம்.

மிஷினில் உண்மை எவ்வளவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தட்டு மேலும் கீழும் போகும்போது கெண்டைக்கால் தசையும் தொடைத் தசையும் நொடிக்குப் பல தடவை லேசாக இழுபடுகின்றன. இழுபட்ட தசை அனிச்சையாகச் சுருங்கும். நாமாக முயற்சி எடுக்காமலே தசைக்கு வேலை கிடைப்பது இப்படித்தான். எலும்பும் உறுதியாகும் என்ற நம்பிக்கைக்கு 2001இல் வந்த செம்மறியாட்டு ஆய்வு ஒரு பெரிய காரணம். 30 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 30 ஆட்டம்), 0.3 ஜி (பூமியின் இழுப்பில் பத்தில் மூன்று பங்கு) என்ற மெல்லிய அதிர்வில், நாளுக்கு 20 நிமிடம், வாரம் 5 நாள் என்று ஒரு வருடம் ஆடுகளை நிற்கவைத்ததில், பின்னங்கால் தொடையெலும்பின் மேல்பகுதியில் உள்ளெலும்பின் அடர்த்தி சுமார் 34 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆடு நாலு காலில் நிற்கிறது, அதற்கு மாதவிடாய் நின்ற பிறகான எலும்புத் தேய்மானமும் இல்லை. மனுஷிகளிடம் அது பலிக்கவில்லை. 2011இல் வெளியான, 202 பெண்களை வைத்து நடந்த டொரண்டோ ஆய்வில், ஒரு வருடம் தினமும் 20 நிமிடம் தட்டில் நின்றவர்களுக்கும் எலும்பு அடர்த்தியில் பலன் தெரியவில்லை. ஹாங்காங்கில் 60 வயதைத் தாண்டிய 710 பெண்களை வைத்து 18 மாதம் நடந்த ஆய்விலும் எலும்பு அடர்த்தியில் வித்தியாசமில்லை. ஆனால் அதிர்வுத் தட்டில் நின்றவர்கள் விழுந்தது குறைவு, தொடையில் பலமும் கூடியிருந்தது. ஆக, எலும்புக்காக வாங்குகிறவர் ஏமாறுவார். காலுக்காக வாங்குகிறவருக்குக் கொஞ்சம் கிடைக்கும். அந்தக் கொஞ்சமும், நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியை ஒழுங்காகச் செய்தால் கிடைப்பதைவிடப் பெரிதில்லை.

மிஷின் சொல்லும் எண்ணும் உண்மையான எண்ணும்

கடையில் இரண்டு ஜாதி கிடைக்கிறது. ஒன்றில் தட்டு நடுவில் அச்சு வைத்து ஏற்றப்பலகை போல இடம் வலமாக ஆடும். இன்னொன்றில் முழுத் தட்டும் ஒரே சமயம் மேலும் கீழும் போகும். முதல் ஜாதியில் நடுக்கோட்டிலிருந்து கால் எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு ஆட்டம். ஓரத்தில் 10 மி.மீ. ஆடினால், நடுவுக்கும் ஓரத்துக்கும் பாதித் தூரத்தில் 5 மி.மீ. தான். இடுப்பும் இடம் வலமாகச் சாய்ந்துகொடுப்பதால் தலைக்குப் போவதும் குறைவு. தளர்ந்தவர்களுக்கு இதுதான் ஏற்றது. இரண்டாவது ஜாதி பெரும்பாலும் உடற்பயிற்சிக் கூடத்துக்கென்று செய்தது. அதை 30 ஹெர்ட்ஸில் 2 மி.மீ. வைத்தாலே 3.6 ஜி வந்துவிடும்.

அந்த 'ஜி' கணக்கைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு நொடிக்கு எத்தனை ஆட்டம், ஒரு ஆட்டத்தில் எத்தனை மில்லிமீட்டர் என்ற இரண்டும் சேர்ந்துதான் உடம்பில் விழும் முடுக்கத்தை, அதாவது குலுக்கலின் பலத்தைத் தீர்மானிக்கின்றன. 12 ஹெர்ட்ஸில் மேலிருந்து கீழ்வரை 4 மி.மீ. என்றால் சுமார் 1.2 ஜி. ஆட்டத்தின் உயரத்தை அப்படியே விட்டு 24 ஹெர்ட்ஸுக்கு ஏற்றினால் இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்காகி 4.6 ஜியைத் தொடும். விலை குறைந்த மிஷின்களில் திரையில் 1 முதல் 99 வரை வரும் எண் ஹெர்ட்ஸ் இல்லை. "20ல வெச்சிருக்கறனுங்க" என்று சொன்னால் அதிலிருந்து எதுவும் தெரியாது. எண்ணைக் குறைத்து வைத்தால் பத்திரம் என்பதும் பாதிதான் சரி. 5 ஹெர்ட்ஸை ஒட்டிய ஆட்டத்துக்குத்தான் உடம்பின் நடுப்பகுதி ஒத்து அதிரும். அந்த வேகத்தில் பெரிய ஆட்டம் கொடுத்தால் வயிறு கலங்கும், "கிறுகிறுன்னு வருது" என்பார்கள். "டிராக்டர் ஓட்டித்தான் இடுப்பே போச்சு, மறுபடி அதையே காசு கொடுத்து வாங்கறதா?" என்று ஒரு அப்பாரு கேட்டால் சிரித்து ஒதுக்க வேண்டாம். டிராக்டர் இருக்கையில் வருவது அந்தக் குறைந்த வேக ஆட்டம்தான், அதுவும் உட்கார்ந்தபடி, மணிக்கணக்கில், நேராக முதுகெலும்பில்.

உண்மையான அளவை வீட்டிலேயே பார்க்கலாம். ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி செல்போனில் உள்ள அதிர்வுமானியைப் படித்து ஹெர்ட்ஸைக் காட்டும். போனைத் தட்டில் டேப் போட்டு ஒட்டி, வீட்டில் திடமாக இருக்கும் ஒருவர் மேலே ஏறி நின்று பார்க்க வேண்டும். சில மோட்டார்கள் எடை ஏறியதும் மந்தமாகிவிடும் என்பதால் வெறும் தட்டில் அளப்பது ஏமாற்றும். மி.மீ. தெரிய ஒரு வெள்ளைத் தாளில் 100 மி.மீ. நீளத்தில், ஒரு முனை கூராகவும் மறுமுனை 10 மி.மீ. அகலமாகவும் ஆப்பு வடிவம் வரைந்து உள்ளே கறுப்படித்துக்கொள்ளுங்கள். தட்டின் பக்கவாட்டில், கால் வைக்கும் இடத்துக்கு நேராகப் படுக்கைவாக்கில் ஒட்டி ஓடவிட்டால் ஆப்பு இரண்டாகப் பிரிந்து மங்கலாகத் தெரியும். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக விழும் கறுப்பு எங்கே கூராக முடிகிறது என்று பாருங்கள். கூர்முனையிலிருந்து 40 மி.மீ. தூரத்தில் முடிந்தால் ஆட்டம் 4 மி.மீ. கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் போனில் ஷட்டர் வேகத்தைக் குறைத்துப் படமெடுத்தால் தெளிவாக விழும். இதற்கெல்லாம் பொறுமையில்லாதவர்கள் ஒரு ரூபாய் காசைத் தட்டின் மேல், காலுக்குப் பக்கத்தில் வைக்கலாம். வேகத்தை மெதுவாக ஏற்றும்போது ஒரு கட்டத்தில் காசு கடகடவென்று துள்ளத் தொடங்கும். அந்த இடத்தில் 1 ஜி தாண்டிவிட்டது. இடம் வலமாக ஆடும் தட்டில் ஓரத்துக் காசு முதலில் துள்ளும், நடுவில் வைத்தது அசையாமல் கிடக்கும். கால் எங்கே வைக்க வேண்டும் என்பதை அப்பத்தாவுக்கு விளக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

பூட்டிக்கொள்ளும் முழங்கால்

இனித்தான் எனக்கு உறுத்துகிற விஷயம். தட்டில் ஏறிய ஒரு தளர்ந்த உடம்பைப் பக்கவாட்டிலிருந்து கவனியுங்கள். கால் விரல்கள் தட்டைக் கவ்விப் பிடிக்கும். கை கம்பியை இறுக்கும். முழங்கால் பின்னோக்கிப் போய் நேராகப் பூட்டிக்கொள்ளும். பயத்தால் மட்டும் இப்படி ஆவதில்லை. தொடைத் தசையில் பலமில்லாதவர் வீட்டில் நிற்பதே அப்படித்தான். முழங்காலைப் பூட்டிவிட்டால் எடை எலும்பின் மேல் உட்கார்ந்துகொள்ளும், தசைக்கு ஓய்வு. அடுப்படியில் நிற்க அது போதும். அதிர்வுத் தட்டின் மேல் அந்தப் பூட்டிய கால் ஒரு இரும்புக் குழாய். பாதத்தில் பட்ட அதிர்வு இடுப்பு, முதுகெலும்பு, மண்டை என்று தடையில்லாமல் ஏறும். பல்செட் கடகடக்கும், கண் மங்கும். இழுபட்டுச் சுருங்க வேண்டிய தசையோ தளர்ந்து கிடக்கும். மடக்கிய முழங்கால் சங்ககிரி லாரிக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டை மாதிரி. ரோட்டின் குலுக்கலை அது வாங்கிக்கொண்டால்தான் மேலே உள்ள சரக்கு அசையாமல் இருக்கும்.

மிஷின் வேலை செய்ய முழங்கால் 25 முதல் 30 பாகையாவது மடங்கியிருக்க வேண்டும், எடை குதிகாலை விட்டுக் கொஞ்சம் முன்பாதத்துக்கு வர வேண்டும். அப்படி ஒரு நிமிடம் நிற்கத் தெம்புள்ளவர் அவ்வளவு தளர்ந்தவர் இல்லை. யாருக்காக வாங்குகிறோமோ அவருடைய உடம்பே, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பழக்கத்தால், மிஷினின் பலனைத் தடுத்துவிடுகிறது. 'சும்மா நின்னாப் போதும்' என்று சொல்லி விற்கிறவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் சொன்னால் அது பாவம்.

வழி உண்டு. முதல் வழி, நிற்கவே வேண்டாம். நாற்காலியைத் தரையில் போட்டு, பாதம் மட்டும் தட்டின் மேல். தட்டு 15 செ.மீ. உயரம் இருக்கும் என்பதால், சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சை நோக்கி ஏறிவிடும். நாற்காலிக்கு அடியில் அதே உயரத்துக்குக் கெட்டியாக மரப்பலகை கொடுத்து நாலு காலும் அசையாமல் உட்கார வேண்டும். தலையணை போட்டு உயர்த்தினால் சறுக்கும். பாதத்தால் தட்டைக் கீழே அழுத்தச் சொல்லுங்கள், அழுத்தினால்தான் தசைக்குள் அதிர்வு போகும். இரண்டாவது வழி, பின்னால் உயரமான ஸ்டூல். தட்டின் மேற்பரப்பிலிருந்து 60 செ.மீ., அதாவது தரையிலிருந்து 75 செ.மீ. உயரம், ஸ்டூலின் கால்கள் தரையில், அதன் பின்பக்கம் சுவரோடு ஒட்டி. பிட்டம் ஸ்டூலைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். முழுக்க உட்கார்ந்தால் தொடைக்கு வேலையில்லை, எழுந்துவிட்டால் முழங்கால் பூட்டிக்கொள்ளும். தொட்டுக்கொண்டிருக்கும்போது "வுழுந்தா உக்காந்துக்கலாம்" என்ற தைரியம் வருகிறது. அந்தத் தைரியத்தில்தான் முழங்கால் மடங்குகிறது.

சரியாக நிற்கிறாரா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். ஓடும்போதே பேச்சுக் கொடுங்கள்.

"அப்பத்தா, 'ஆ'ன்னு நீட்டிச் சொல்லுங்."

"ஆ-ஆ-ஆ-ஆ... என்ன சாமி, கொரலே நடுங்குது?"

"முட்டிய இன்னுங் கொஞ்சம் மடக்குங். ம்ம், இப்பச் சொல்லுங்."

"ஆஆஆஆ."

குரல் நடுங்கினால் அதிர்வு தலைக்குப் போகிறது. மடக்கியும் நடுக்கம் நிற்கவில்லை என்றால் காலை நடுக்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும், அல்லது வேகத்தைக் குறைக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் நாற்காலிக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ஏறக்கூடாதவர்கள், ஏறும் விதம்

சிலர் இதன் பக்கமே போகக்கூடாது. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள், காலில் ரத்தக்கட்டி வந்தவர்கள், சமீபத்தில் எலும்பு முறிந்தவர்கள், முதுகெலும்பு நசுங்கியவர்கள், இடுப்பு முழங்கால் மூட்டு மாற்றியவர்கள், வலிப்பு உள்ளவர்கள், சிறுநீரகக் கல்லோ பித்தப்பைக் கல்லோ இருப்பவர்கள் மருத்துவர் வெளிப்படையாகச் சரி என்று சொல்லாமல் ஏறவே வேண்டாம். நம் ஊரில் இந்த வயதில் பாதிப் பேருக்காவது கண்புரை ஆபரேஷன் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். கண்ணுக்குள் வைத்த லென்ஸ் இந்த மிஷினில் நின்ற பிறகு இடம் பெயர்ந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ஆபரேஷன் செய்தவரிடம் கேட்காமல் தொடக்கூடாது. சர்க்கரையால் பாதம் மரத்தவர்களுக்குத் தோல் உரசிப் புண்ணாவது தெரியாது, அதனால் மெல்லிய சாக்ஸ் போட்டு, முடிந்ததும் உள்ளங்காலை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உட்கார்ந்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து 3 நிமிடத்துக்குள் ஒரு தடவை பிரஷர் பாருங்கள். மேல் எண் 20 குறைந்தால் முதலில் மருத்துவரிடம் மாத்திரை அளவைப் பேச வேண்டும். மிஷின் அப்புறம்.

விழுவது பெரும்பாலும் தட்டு ஓடும்போது இல்லை, ஏறும்போதும் இறங்கும்போதும்தான். முன்னால் 7 செ.மீ. உயரத்தில் ஒரு அரைப்படி போட்டால் ஏற்றம் பாதியாகும். ஏற நல்ல கால் முதலில், இறங்க நோவுற கால் முதலில். தட்டு முழுக்க நின்ற பிறகே இறங்க வேண்டும். இறங்கியதும் 2 நிமிடம் உட்கார வேண்டும். சேலையை ஒரு சாண் தூக்கிச் சொருகிக்கொள்ளுங்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள். கைப்பிடி மிஷினோடு சேர்ந்திருந்தால் அதுவும் அதிரும், இறுக்கிப் பிடித்தால் தோளுக்கு ஏறும். சுவரில் தனியாக ஒன்றேகால் இஞ்ச் ஜி.ஐ. பைப் அடிப்பது மேல், தட்டிலிருந்து 85 செ.மீ. உயரத்தில். பழைய தொட்டிக்கட்டு வீட்டு மண்சுவரில் ஆங்கர் போல்ட் பிடிக்காது, ஒரு இழுப்பில் காரையோடு வந்துவிடும். சுவரைத் துளைத்து வெளிப்பக்கம் இரும்புத் தகடு கொடுத்து முடுக்க வேண்டும். வழவழப்பான டைல்ஸ் தரையில் மிஷின் தானாக நகரும். கீழே ரப்பர் விரிப்பு போட்டு ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு மூலை தூக்கியிருந்தால் ஆட்டம் ஒரு காலுக்கு அதிகமாக விழும். கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மிஷின் தானாக ஓடத் தொடங்குகிறதா என்று ஆளில்லாமல் ஒரு தடவை சோதியுங்கள். தொடங்கினால் அந்த மிஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அளவு குறைவாகத் தொடங்குவது நல்லது. இடம் வலமாக ஆடும் தட்டில், முதல் இரண்டு வாரம் நாற்காலியில் உட்கார்ந்து, 12 ஹெர்ட்ஸை ஒட்டி, 30 விநாடி ஓட்டம், ஒரு நிமிடம் ஓய்வு, இப்படி நாலு தடவை. வாரம் மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள். அடுத்த இரண்டு வாரம் அதே அளவு, ஸ்டூலைத் தொட்டபடி நின்று. குரல் நடுங்காமல், மறுநாள் முட்டி வீங்காமல் இருந்தால் 30 விநாடியை ஒரு நிமிடமாக்கலாம். அதன் பிறகுதான் வேகம், 2 ஹெர்ட்ஸ் 2 ஹெர்ட்ஸாக, 20 வரை. நேரம், வேகம், கால் அகலம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியாது. முதல் சில தடவை கெண்டைக்கால் சிவந்து அரிக்கும். தோலுக்கு ரத்த ஓட்டம் கூடுவதால் வருவது, தானே போய்விடும். மார்பு வலி, கண்ணில் மின்னல், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவை வந்தால் தானே போகும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். வெறும் வயிற்றில் ஏற்ற வேண்டாம், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழியட்டும். சாப்பாடு என்றதும் ஒன்று: பல் போன பிறகு மூன்று வேளையும் ரசஞ்சோறும் தயிர்ச்சோறும் என்று ஆகிவிட்ட வீடுகளில் எந்த மிஷினும் தசையைக் கட்டாது. 50 கிலோ எடைக்கு நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம்தான். கொள்ளுப்பருப்பைக் குழைய வேகவைத்துக் கடைந்து கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டு.

தொடங்கும் முன் ஒரு கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கையைக் குறுக்காக நெஞ்சில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து 5 தடவை எழுந்து உட்கார எத்தனை விநாடி? வயதில் வரும் தசைத் தேய்மானத்துக்கான ஆசிய நிபுணர் குழுவின் 2019 அளவுகோலில் 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் உடம்பின் இயங்கும் திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். பலருக்கு 5 முடியாது, கை ஊன்றாமல் ஒன்றுகூட வராது. அவர்களுக்கு எத்தனை வந்தது என்பதையே எழுதுங்கள். ஆறு வாரம் கழித்து அதே நாற்காலியில், அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். எண்ணிக்கை கூடியிருந்தால், அல்லது நேரம் குறைந்திருந்தால், மிஷின் தொடரட்டும். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியையும் பாதியாவது அதோடு சேர்க்க வேண்டும். மாற்றமில்லை என்றால் தட்டைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, கட்டில் காலுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தி, உயரத்திலிருந்து எழும் பயிற்சியைத் தொடங்குங்கள். 55 செ.மீ. உயரத்தில் கையில்லாமல் 8 தடவை வந்தால் 2 செ.மீ. இறக்கலாம். பொடக்காலிக்குப் போகும் வழியில் ஒரு கைப்பிடியும் அடித்துவிடுங்கள், அந்தப் பைப் எப்படியும் வாங்கியாகிவிட்டதே. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுத்து எழுந்து வந்தவர் என்றால், முன்பு எந்தக் கட்டத்தில் இருந்தாலும், மறுபடி நாற்காலியிலிருந்து, 30 விநாடியிலிருந்துதான்.